எண்ணிமக் கையொப்பமிட்ட மின்னஞ்சல்களை நிரல் நூலகங்கள் கையாளும் முறை

எண்ணிமக் கையொப்பமிட்ட மின்னஞ்சல் என்பது, அதை எழுதியவர் யார் என்பதையும், எழுதிய பின் அதன் உள்ளடக்கம் மாறவில்லை என்பதையும் கணித முறையில் சரிபார்க்க உதவும் மின்னஞ்சல் ஆகும். இது டிஜிட்டல் கையொப்பமிட்ட மின்னஞ்சல் என்றும் அழைக்கப்படுகிறது. இத்தகைய மின்னஞ்சலை உருவாக்கவும் படிக்கவும் சரிபார்க்கவும் நிரலாளர்கள் பெரும்பாலும் ஆயத்தமான நிரல் நூலகங்களையே பயன்படுத்துகின்றனர். கையொப்பத்தின் கணிதம் நன்கு நிறுவப்பட்டது. நடைமுறையில் ஏற்படும் பிழைகளில் பெரும்பகுதி கணிதத்தில் ஏற்படுவதில்லை. மின்னஞ்சலைப் பைட்டுகளாக எழுதும் இடத்திலும், சரிபார்ப்பின் முடிவைப் பயனருக்குச் சொல்லும் இடத்திலுமே அவை தோன்றுகின்றன.

இப்பிழைகள் இரண்டு வகைப்படும். ஒன்று, உண்மையான மின்னஞ்சலைப் போலி என்று காட்டுவது. மற்றொன்று, போலி மின்னஞ்சலை உண்மை என்று காட்டுவது. இரண்டாவது வகை உடனடியாக ஆபத்தானது. முதல் வகை மெதுவாக ஆபத்தை வளர்ப்பது. தேவையின்றி அடிக்கடி தோன்றும் எச்சரிக்கையைப் பயனர்கள் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்கள். பின்னர் உண்மையான எச்சரிக்கை வரும்போதும் அவர்கள் அதைக் கடந்து சென்றுவிடுவார்கள்.

## அடிப்படைக் கருத்து

எண்ணிமக் கையொப்பத்திற்கு இரண்டு கருவிகள் தேவை. முதலாவது ஹாஷ் சார்பு. எவ்வளவு நீளமான தரவைக் கொடுத்தாலும் அது ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள மதிப்பைத் தரும். எடுத்துக்காட்டாக, ஷா-256 என்ற ஹாஷ் சார்பு எப்போதும் 256 பிட்டுகள், அதாவது 32 பைட்டுகள் கொண்ட மதிப்பைத் தருகிறது. தரவில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கிடைக்கும் மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும்.

இரண்டாவது கருவி சாவி இணை. கையொப்பமிடுபவரிடம் மட்டும் இருப்பது தனிச்சாவி. எல்லோருக்கும் வழங்கப்படுவது பொதுச்சாவி. அனுப்புநர் தன் செய்தியின் ஹாஷ் மதிப்பைக் கணித்து, தனிச்சாவியைக் கொண்டு அதற்குக் கையொப்பம் உருவாக்குகிறார். பெறுநர் தனக்குக் கிடைத்த செய்திக்கு அதே ஹாஷ் மதிப்பைக் கணித்து, அனுப்புநரின் பொதுச்சாவியைக் கொண்டு கையொப்பம் அதனுடன் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்.

கையொப்பம் செய்தியை மறைப்பதில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கையொப்பமிட்ட மின்னஞ்சலை வழியில் யார் வேண்டுமானாலும் படிக்க முடியும். மறைப்பதற்குக் குறியாக்கம் என்ற தனிச் செயல் தேவை.

## வரலாறு

பொதுச்சாவி மறையீட்டியலின் கருத்தை விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் 1976 இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ முறை, கையொப்பமிடுவதற்கு நடைமுறையில் பயன்படக்கூடிய வழியைத் தந்தது. 1991 இல் ஃபில் சிம்மர்மன் பிஜிபி மென்பொருளை வெளியிட்டார். அதன் வடிவம் பின்னர் ஓப்பன்பிஜிபி என்ற திறந்த தரமாக மாறியது.

அக்காலத்தில் மின்னஞ்சலின் அமைப்பும் மாறிக்கொண்டிருந்தது. 1992 இல் வெளியான மைம் தரம், ஒரே மின்னஞ்சலில் பல பகுதிகளையும் இணைப்புகளையும் பல மொழி எழுத்துகளையும் அனுப்ப வழி செய்தது. அந்த அமைப்பிற்குள் கையொப்பத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு 1995 இல் வெளியான ஆர்எஃப்சி 1847 விடையளித்தது. இன்று புழக்கத்தில் உள்ள இரு முக்கிய முறைகளும் அந்த விடையையே பின்பற்றுகின்றன. அவை சான்றிதழ்களை அடிப்படையாகக் கொண்ட எஸ்/மைம், பயனர்களின் சாவிகளை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்பிஜிபி ஆகியவை. எஸ்/மைம் முறையின் 4.0 பதிப்பு 2019 இல் ஆர்எஃப்சி 8551 ஆக வெளியானது. ஓப்பன்பிஜிபி செய்திகளை மைம் அமைப்பில் வைக்கும் முறையை 2001 இல் வெளியான ஆர்எஃப்சி 3156 விளக்குகிறது.

## செய்தியின் அமைப்பு

ஆர்எஃப்சி 1847 இன்படி, கையொப்பமிட்ட மின்னஞ்சலின் உள்ளடக்க வகை 'மல்ட்டிபார்ட்/சைண்ட்' ஆகும். அதற்குள் சரியாக இரண்டு பகுதிகள் இருக்கும். முதல் பகுதி கையொப்பமிடப்பட்ட உள்ளடக்கம். இது வெறும் உரையாக இருக்கலாம், பல இணைப்புகளைக் கொண்ட தொகுப்பாகவும் இருக்கலாம். இரண்டாம் பகுதி கையொப்பம். எஸ்/மைம் பயன்படுத்தாதவர்களின் அஞ்சல் பெட்டியில் சில நேரங்களில் 'எஸ்மைம்.பி7எஸ்' என்ற பெயரில் விளங்காத ஓர் இணைப்பு தோன்றும். அதுவே இந்த இரண்டாம் பகுதி.

எஸ்/மைம் முறையில் இன்னொரு வடிவமும் உண்டு. அதில் உள்ளடக்கமும் கையொப்பமும் ஒரே பொதிக்குள் சேர்த்து அடைக்கப்படும். வழியில் உள்ள சேவையகங்கள் உரையைத் தொட்டு மாற்றும் வாய்ப்பு இதில் குறைவு. ஆனால் எஸ்/மைம் தெரியாத மென்பொருளால் அந்தச் செய்தியைக் காட்டவே முடியாது. பிரித்து வைக்கும் முதல் வடிவத்தில் எந்த மென்பொருளும் உரையைக் காட்டிவிடும்.

எது கையொப்பத்திற்குள் அடங்குகிறது என்பது முக்கியமானது. முதல் பகுதியின் உரையும், அந்தப் பகுதிக்கே உரிய உள்ளடக்க வகை முதலிய தலைப்பு வரிகளும் அடங்கும். அப்பகுதிக்கும் அடுத்த எல்லைக்கோட்டிற்கும் இடையில் உள்ள வரிமுறிவு அடங்காது. அது எல்லைக்கோட்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும். மின்னஞ்சலின் மேற்புறத்தில் உள்ள அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி ஆகிய வரிகளும் இயல்பாகக் கையொப்பத்திற்குள் அடங்குவதில்லை. ஆகவே, "ஒப்புதல் அளிக்கிறேன்" என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு மின்னஞ்சலின் பொருள் வரியை வேறொருவர் மாற்றினாலும் கையொப்பம் சரியானதாகவே இருக்கும். எதற்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது என்பதை உரைக்குள்ளேயே எழுதுவது இதற்கு எளிய தீர்வு. முழு மின்னஞ்சலையும் ஓர் உட்செய்தியாக வைத்துக் கையொப்பமிடும் வழியையும் எஸ்/மைம் தரம் தருகிறது.

## கையொப்பம் முறியும் இடங்கள்

மனிதர் எழுத்தையும் பொருளையும் பார்க்கிறார். ஹாஷ் சார்பு பைட்டுகளை மட்டும் பார்க்கிறது. திரையில் எந்த வேறுபாடும் தெரியாத இரண்டு உரைகள் பைட்டு அளவில் வேறுபட்டால், கையொப்பம் பொருந்தாது. பின்வரும் மாற்றங்கள் அடிக்கடி இதற்குக் காரணமாகின்றன.

வரிமுறிவு: மின்னஞ்சல் தரத்தின்படி ஒவ்வொரு வரியும் கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் என்ற இரண்டு பைட்டுகளுடன் முடிய வேண்டும். யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்கள் லைன் ஃபீட் ஒன்றையே பயன்படுத்துகின்றன. கோப்பிலிருந்து படித்த உரைக்கு அப்படியே கையொப்பமிட்டால், அனுப்பும்போது வரிமுறிவு மாறி, கையொப்பமும் முறிந்துவிடும்.

வரியின் முடிவில் உள்ள வெற்றிடம்: சில சேவையகங்கள் இதை நீக்கிவிடலாம்.

'ஃப்ரம்' என்று தொடங்கும் வரி: எம்பாக்ஸ் என்ற பழைய சேமிப்பு வடிவத்தில், 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் அது புதிய மின்னஞ்சலின் தொடக்கம் என்று பொருள். குழப்பத்தைத் தவிர்க்க, உரைக்குள் வரும் அத்தகைய வரிக்கு முன்னால் மென்பொருள் ஒரு கோணக் குறியைச் சேர்க்கும். சேர்ந்த அந்த ஒரு பைட்டு போதும், கையொப்பம் பொருந்தாமல் போக.

தலைப்பு வரிகளை மடித்தல்: ஒரு வரி 78 எழுத்துகளைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்றும், 998 எழுத்துகளைத் தாண்டவே கூடாது என்றும் மின்னஞ்சல் தரம் கூறுகிறது. இதனால் நூலகங்கள் நீளமான தலைப்பு வரிகளை மடித்து எழுதும். ஏற்கெனவே கையொப்பமிட்ட பகுதியின் தலைப்பு வரியை மறுபடி மடித்தாலும் பைட்டுகள் மாறும்.

அடிக்குறிப்புச் சேர்த்தல்: சில அலுவலகச் சேவையகங்கள் ஒவ்வொரு மின்னஞ்சலின் கீழும் பொறுப்புத் துறப்பு வாசகம் ஒன்றைச் சேர்க்கும். அது கையொப்பமிட்ட பகுதிக்குள் சேர்ந்தால் கையொப்பம் செல்லாது.

## தமிழ் உரையும் பைட்டுகளும்

தமிழில் எழுதும் மின்னஞ்சலுக்கு இச்சிக்கல்களுடன் மேலும் இரண்டு சேர்கின்றன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளைப் பிடிக்கும். அவை எல்லாம் 7 பிட் எல்லைக்கு வெளியே உள்ளவை. வழியில் உள்ள பழைய சேவையகம் ஒன்று 8 பிட் உரையை 7 பிட் உரையாக மாற்றி எழுதினால் கையொப்பம் முறியும். அதனால்தான் ஆர்எஃப்சி 3156, கையொப்பமிடும் முன்பே உரையை 7 பிட் வடிவுக்கு மாற்றியிருக்க வேண்டும் என்கிறது. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. கோட்டட் பிரிண்டபிள் முறையில் ஒரு பைட்டு 3 எழுத்துகளாகும். எனவே ஒரு தமிழ்க் குறியீட்டிற்கு 9 எழுத்துகள் தேவை. பேஸ்64 முறையில் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாகும். எனவே ஒரு தமிழ்க் குறியீட்டிற்கு 4 எழுத்துகள் போதும். தமிழ் உரைக்குப் பேஸ்64 சிக்கனமானது. வரி முடிவு வெற்றிடம், 'ஃப்ரம்' வரி ஆகிய தொல்லைகளும் அதில் இல்லை.

இரண்டாவது சிக்கல் யூனிகோடு இயல்பாக்கம் தொடர்பானது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துடன் ஒகர உயிர்க்குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்ப்பது ஒரு வழி. இதற்கு 6 பைட்டுகள். ககரத்துடன் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு வழி. இதற்கு 9 பைட்டுகள். யூனிகோடு தரம் இவ்விரண்டையும் சமமானவையாகவே கருதுகிறது. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் ஹாஷ் மதிப்பு வேறு. ஒரு நிரல், மின்னஞ்சலை உரையாகப் படித்து, இயல்பாக்கி, மறுபடி எழுதினால், 'கொடுத்தான்' என்ற ஒரு சொல்லே கையொப்பம் முறியப் போதுமானது.

## கையொப்பமிடும் படிகள்

எந்த நூலகத்தைப் பயன்படுத்தினாலும் வரிசை ஒன்றே.

1. உரை, இணைப்புகள் ஆகியவற்றைக் கொண்டு உள்ளடக்கப் பகுதியை உருவாக்குதல்.
2. எல்லா உட்பகுதிகளையும் 7 பிட் வடிவுக்கு மாற்றுதல்.
3. தரப்படுத்திய வரிமுறிவுகளுடன் அப்பகுதியை ஒரே ஒருமுறை பைட்டுகளாக எழுதுதல்.
4. அந்தப் பைட்டுகளுக்கு ஹாஷ் கணித்துக் கையொப்பத்தை உருவாக்குதல்.
5. அதே பைட்டுகளையும் கையொப்பத்தையும் வெளிப்பொதிக்குள் வைத்து, பயன்படுத்திய ஹாஷ் முறையின் பெயரை வெளித் தலைப்பு வரியில் குறிப்பிடுதல்.
6. அதன்பின் எதையும் மாற்றாமல் அனுப்புதல்.

மூன்றாம் படியில் உள்ள "ஒரே ஒருமுறை" என்பதே இதன் உயிர்நாடி. கையொப்பமிடுவதற்கு ஒருமுறையும் அனுப்புவதற்கு மறுமுறையும் நூலகத்தை எழுதச் செய்தால், இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

## பைத்தான் நூலகத்தில்

பைத்தான் மொழியின் தர நூலகத்தில் 'ஈமெயில்' என்ற தொகுப்பு உள்ளது. இது மின்னஞ்சல்களைப் பிரித்துப் படிக்கும், புதியவற்றை உருவாக்கும். ஆனால் இது கையொப்பமிடுவதும் இல்லை, சரிபார்ப்பதும் இல்லை. அவற்றுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல், குனூபிஜி போன்ற கருவிகளையோ மறையீட்டு நூலகங்களையோ இணைக்க வேண்டும். இந்த இணைப்பில் கவனிக்க வேண்டியவை சில உள்ளன.

முதலாவது, மின்னஞ்சலை உரைச்சரமாகப் படிக்காமல் பைட்டுகளாகவே படிக்க வேண்டும். தொகுப்பில் இரண்டு வகைச் செயற்கூறுகளும் உள்ளன. கோப்பை உரையாகத் திறந்தால், பைத்தான் வரிமுறிவுகளைத் தானாகவே மாற்றிவிடும்.

இரண்டாவது, செய்தியைப் பைட்டுகளாக எழுதும் 'ஜெனரேட்டர்' என்ற கருவியின் நடத்தை. கையொப்பமிட்ட மின்னஞ்சலின் பகுதிகளில் கை வைக்கக் கூடாது என்பது இதற்குத் தெரியும். 'மல்ட்டிபார்ட்/சைண்ட்' வகையைக் கண்டால், அதற்குள் இருக்கும் தலைப்பு வரிகளை மடிப்பதை அது நிறுத்திவிடும். இந்த நல்ல ஏற்பாட்டிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. நிரலாளர் உட்பகுதியைத் தனியாக எழுதி அதற்குக் கையொப்பமிட்டால், அப்போது அது கையொப்பப் பொதிக்குள் இல்லை. எனவே நீளமான தலைப்பு வரிகள் மடிக்கப்படலாம். பிறகு முழுச் செய்தியையும் எழுதும்போது அதே வரிகள் மடிக்கப்படாமல் போகலாம். சிறிய சோதனைச் செய்திகளில் இது வெளிப்படாது. நீளமான தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பு ஒன்றை இணைக்கும் நாளில் வெளிப்படும்.

மூன்றாவது, வரிமுறிவு. தொகுப்பின் இயல்புக் கொள்கைகள் லைன் ஃபீட் ஒன்றையே பயன்படுத்துகின்றன. எஸ்எம்டிபி அனுப்புதலுக்கான கொள்கை இரண்டு பைட்டு வரிமுறிவைத் தருகிறது. கையொப்பத்திற்கு இரண்டாவதே உரியது.

நான்காவது, 'ஃப்ரம்' வரி. பழைய பதிப்புகளுடன் ஒத்துப்போகும் கொள்கையில் ஜெனரேட்டரை நேரடியாகப் பயன்படுத்தினால், கோணக் குறி சேர்ப்பது இயல்பாகவே இயங்கும். அதை நிறுத்திவைக்க வேண்டும்.

ஐந்தாவது, அனுப்பும் முறை. எஸ்எம்டிபி நூலகத்தில், செய்திப் பொருளை அப்படியே ஏற்று அனுப்பும் செயற்கூறு, அனுப்பும் நேரத்தில் அதை மீண்டும் ஒருமுறை பைட்டுகளாக எழுதுகிறது. ஆயத்தமான பைட்டுகளை ஏற்கும் செயற்கூறும் உள்ளது. கையொப்பமிட்ட மின்னஞ்சலுக்கு அதுவே பாதுகாப்பானது.

டாட்நெட் தளத்திற்கான மைம்கிட் போன்ற நூலகங்கள் வேறு வழியைக் கையாளுகின்றன. கையொப்பமிட்ட செய்திக்கென்றே அதில் ஒரு தனி வகுப்பு உள்ளது. உருவாக்குவதற்கும் சரிபார்ப்பதற்கும் அதிலேயே செயற்கூறுகள் இருப்பதால், நிரலாளர் பைட்டுகளைக் கையால் தொட வேண்டிய இடங்கள் குறைகின்றன.

## சரிபார்க்கும் படிகள்

கணிதச் சரிபார்ப்பு என்பது இதில் ஒரு படி மட்டுமே. முழுமையான சரிபார்ப்பு பின்வரும் கேள்விகள் அனைத்திற்கும் விடை காண வேண்டும்.

1. பெற்ற பைட்டுகளின் ஹாஷ், கையொப்பத்துடன் பொருந்துகிறதா?
2. பயன்படுத்திய ஹாஷ் முறை இன்றும் நம்பத்தக்கதா? ஷா-1 முறையில் ஒரே ஹாஷ் மதிப்பைத் தரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளை உருவாக்கிக் காட்டியதாகக் கூகுள் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் 2017 பிப்ரவரியில் அறிவித்தன. எனவே புதிய கையொப்பங்களுக்கு அது ஏற்றதல்ல.
3. சான்றிதழ் நம்பகமான சான்றளிப்பாளர் வரை சங்கிலியாகச் சென்று சேர்கிறதா? அது காலாவதியானதா? திரும்பப் பெறப்பட்டதா?
4. அந்தச் சான்றிதழ் மின்னஞ்சலில் கையொப்பமிடுவதற்காக வழங்கப்பட்டதுதானா?
5. சான்றிதழில் உள்ள மின்னஞ்சல் முகவரியும், செய்தியின் அனுப்புநர் வரியில் உள்ள முகவரியும் ஒன்றா?

ஐந்தாவது கேள்வியை நிரலாளர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர். ஒருவர் தன் சொந்தப் பெயரில் முறையான சான்றிதழ் பெற்று, அதைக் கொண்டு கையொப்பமிட்டு, அனுப்புநர் வரியில் மட்டும் வேறொருவரின் முகவரியை இட முடியும். முதல் நான்கு கேள்விகளுக்கும் சாதகமான விடையே வரும். ஆனாலும் அது போலி மின்னஞ்சல்.

கையொப்பத்திற்குள் இருக்கும் நேரக் குறிப்பையும் எச்சரிக்கையுடனே கொள்ள வேண்டும். அது கையொப்பமிட்டவரின் கணினி சொல்லும் நேரம். தனி நேரமுத்திரைச் சேவையால் உறுதி செய்யப்படாதவரை அது சான்று ஆகாது.

## அறியப்பட்ட தாக்குதல்கள்

2018 ஜூனில், குனூபிஜி மென்பொருளில் சிக்ஸ்பூஃப் என்று பெயரிடப்பட்ட ஒரு குறைபாடு வெளியானது. குனூபிஜி தன் முடிவுகளை வரி வரியாக எழுதும். அதை அழைக்கும் நிரல் அவ்வரிகளைப் படித்து முடிவை அறியும். செய்திக்குள் பதிக்கப்படும் கோப்புப் பெயரில் வரிமுறிவுகளைச் சேர்த்து, "கையொப்பம் சரி" என்று சொல்லும் முடிவு வரியைத் தாக்குபவரே எழுதிவிட முடிந்தது. குறிப்பிட்ட சில அமைப்புகளில் இந்தப் போலி வரியை அழைக்கும் நிரல் உண்மை என்று ஏற்றது. 2.2.8 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது.

2019 இல் யூஸ்நிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் ஜெர்மனி ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓப்பன்பிஜிபி வசதியுள்ள 20 மின்னஞ்சல் மென்பொருள்களில் 14 இலும், எஸ்/மைம் வசதியுள்ள 22 இல் 15 இலும் கையொப்பம் சரியானது போலக் காட்டும்படி போலிச் செய்திகளை அனுப்ப முடிந்தது. எந்த மறையீட்டு முறையும் உடைக்கப்படவில்லை. உடைந்தது கணிதத்திற்கும் திரைக்கும் இடையிலான பகுதி.

அவற்றுள் இரண்டு வகைகள் நூலகத்தைப் பயன்படுத்துவோர் அறிய வேண்டியவை. ஒன்று, பொதிக்குள் பொதி. தாக்குபவர் தான் எழுதிய உரையை முதல் பகுதியாகவும், முன்பொரு நாள் உண்மையாகக் கையொப்பமிடப்பட்ட பழைய செய்தியை அடுத்த பகுதியாகவும் வைத்து அனுப்புகிறார். நிரல், செய்திக்குள் எங்கோ சரியான கையொப்பம் இருப்பதைக் கண்டு, முழுச் செய்தியையும் சரியானது என்று காட்டிவிடுகிறது.

மற்றொன்று, கையொப்பமிடுபவரே இல்லாத கையொப்பப் பொதி. எஸ்/மைம் பயன்படுத்தும் பொதி வடிவத்தில், கையொப்பமிட்டவர்களின் பட்டியல் காலியாக இருப்பதும் அனுமதிக்கப்பட்டதே. நிரல் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கையொப்பத்தையும் பார்த்து, ஏதேனும் ஒன்று தவறினால் மட்டும் பிழை என்று சொல்லும்படி எழுதப்பட்டிருந்தால், காலிப் பட்டியலில் எதுவும் தவறாது. பைத்தான் மொழியில், எல்லாம் சரியா என்று கேட்கும் 'ஆல்' என்ற செயற்கூறும் காலிப் பட்டியலுக்கு "ஆம்" என்றே விடையளிக்கும். எனவே, குறைந்தது ஒரு கையொப்பமாவது உள்ளதா என்பதை முதலில் சோதிக்க வேண்டும்.

## முடிவைத் தெரிவித்தல்

சரிபார்ப்பின் விடையை "ஆம்", "இல்லை" என்ற இரண்டுக்குள் அடக்குவது போதாது. நல்ல நிரல் குறைந்தது பின்வரும் நிலைகளைப் பிரித்துக் காட்டும்: கையொப்பம் சரி, அனுப்புநரும் பொருந்துகிறார், கையொப்பம் சரி, ஆனால் அனுப்புநர் வேறு, கையொப்பம் சரி, ஆனால் சான்றிதழை நம்ப முடியவில்லை, பொதுச்சாவி கிடைக்காததால் சரிபார்க்க இயலவில்லை, உள்ளடக்கம் மாறியுள்ளது, கையொப்பமே இல்லை.

"சரிபார்க்க இயலவில்லை" என்பதும் "மாறியுள்ளது" என்பதும் ஒன்றல்ல. முதலாவது அறியாமை, இரண்டாவது எச்சரிக்கை. இரண்டையும் ஒரே சிவப்பு நிறத்தில் காட்டும் மென்பொருள், அந்த நிறத்தின் மதிப்பைக் கெடுத்துவிடுகிறது.

காட்சிப்படுத்தலுக்கு ஒரு பொது விதி உண்டு. எந்தப் பைட்டுகள் சரிபார்க்கப்பட்டனவோ, அந்தப் பைட்டுகளிலிருந்து பெற்ற உரை மட்டுமே சரிபார்க்கப்பட்டதாகக் காட்டப்பட வேண்டும். கையொப்பத்திற்கு வெளியே உள்ள பகுதிகள் தனியே, அவ்வாறு குறிக்கப்பட்டே காட்டப்பட வேண்டும்.

## எல்லைகள்

சரியான கையொப்பம், அந்தத் தனிச்சாவி பயன்படுத்தப்பட்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. சாவி திருடப்பட்டிருந்தால் திருடியவர் இடும் கையொப்பமும் சரியானதாகவே தோன்றும். எழுதப்பட்ட செய்தி உண்மையா என்பதையும் கையொப்பம் சொல்வதில்லை.

டிகேஐஎம் என்ற முறையுடனும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் கையொப்பமிடுவது பொதுவாக அனுப்பும் சேவையகம். அது ஒரு களப்பெயர் அந்தச் செய்திக்குப் பொறுப்பேற்கிறது என்பதைக் காட்டும். அந்தக் களத்தில் உள்ள எந்த மனிதர் எழுதினார் என்பதைக் காட்டாது. எஸ்/மைம், ஓப்பன்பிஜிபி கையொப்பங்கள் செய்தியை எழுதியவரின் சாவியுடன் பிணைந்தவை. அதனால் அஞ்சல் பெட்டியில் பல ஆண்டுகள் சேமித்து வைத்த பிறகும், கையொப்பமிடப்பட்ட பைட்டுகள் மாறாமலும் தேவையான சாவிகளும் சான்றிதழ்களும் பாதுகாக்கப்பட்டும் இருந்தால், அவற்றை மீண்டும் சோதித்துப் பார்க்க முடியும். மின்னஞ்சல்களை ஆவணமாகச் சேமிக்கும் நிரல்கள், பிரித்துப் படித்த வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல், வந்து சேர்ந்த மூலப் பைட்டுகளையும் அப்படியே சேமிக்க வேண்டியது இதனால்தான்.